நெளிகோடு விழும் இடம்

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணினி லேப். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்று பைத்தானில் சிஎஸ்வி கோப்பு எழுதும் பயிற்சி. ஐந்து பேரின் பெயரும் மதிப்பெண்ணும் கோப்பில் ஏற வேண்டும். ஒரு மாணவி ப்ரோகிராமை ஐடில் எடிட்டரில் ஓட்டினாள். எரர் எதுவும் வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் காலி. மறுபடி ஓட்டினாள், மறுபடியும் காலி. “வீட்டுல அண்ணன் லேப்டாப்புல நல்லா வந்துச்சு சார், இங்கதான் வரமாட்டேங்குது” என்றாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. வீட்டில் அவள் பயன்படுத்தியது விஎஸ் கோட்.

கடைசி வரியில்தான் கோளாறு. கோப்பை மூடும் ‘குளோஸ்’ என்ற சொல்லை எழுதியிருந்தாள், அதன்பின் வர வேண்டிய () என்ற அடைப்புக்குறியை விட்டிருந்தாள். அடைப்புக்குறி இல்லையென்றால் பைத்தான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. வெறும் பெயராகப் படித்துவிட்டு நகர்ந்துவிடும். எழுதிய தரவு உடனே வட்டுக்குப் போவதும் இல்லை, நினைவகத்தில் தற்காலிகமாகத் தங்கும். இவ்வளவு சிறிய தரவு, கோப்பை மூடும்போதோ ப்ரோகிராம் முற்றாக முடியும்போதோதான் கோப்பில் இறங்கும். விஎஸ் கோட் டெர்மினலில் ஓட்டியபோது ப்ரோகிராம் முடிந்ததும் பைத்தானும் முடிந்தது, தரவு இறங்கிவிட்டது. ஐடில் அப்படியில்லை. ப்ரோகிராம் முடிந்த பிறகும் மாறிகளைச் சோதித்துப் பார்க்க வசதியாகப் பைத்தானை உயிரோடு வைத்திருக்கும். கோப்பும் திறந்தபடியே கிடக்கும். ஒரே ப்ரோகிராம், இரண்டு எடிட்டர், இரண்டு விடை.

அந்தக் கோப்பின் மேல் பைலிண்ட் என்ற கருவியைக் கட்டளைத் திரையில் ஓட்டிக் காட்டினேன். இந்த வரியால் எந்தப் பயனும் இல்லை போலிருக்கிறது என்று வரி எண்ணோடு சொன்னது. கோப்பைத் திறக்கும் இடத்தில் ‘வித்’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாமே என்றும் ஒரு குறிப்பு வந்தது. அதைப் பயன்படுத்தியிருந்தால் மூட மறக்கும் பேச்சுக்கே இடமில்லை. மாணவி கேட்ட கேள்வி இன்னும் மனதில் இருக்கிறது. “இது முன்னாடியே ஏன் சார் சொல்லல?”

முன்னாடியே சொல்லும் கருவிகள் 45 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கின்றன. அவற்றை எழுதும் கைக்குப் பக்கத்தில், எடிட்டருக்குள் கொண்டுவந்து வைப்பதுதான் நீண்ட பாடாக இருந்து வருகிறது. அந்தப் பாடுபட்ட வரலாற்றையும் இன்றைய நிலையையும் பெரம்பலூர், அரியலூர் மாவட்ட லேப்களின் கண்ணோடு பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. இங்கே பள்ளி லேபில் ஐடிலும் டெவ் சி++உம், கல்லூரி லேபின் ஒரு மூலையில் டர்போ சி++உம், பிள்ளைகளின் மடிக்கணினியில் விஎஸ் கோடும் இருக்கின்றன. தத்தனூர்ப் பக்கத்துப் பொறியியல் மாணவரும் குரும்பலூர்க் கலைக்கல்லூரி மாணவரும் ஒரே மொழியை வெவ்வேறு திரையில் எழுதுகிறார்கள்.

லிண்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுப் பிசிறு. பருத்திக் கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கும் பஞ்சுக்கும் வியாபாரத்தில் அதே பெயர்தான். பருத்தி விளையும் பெரம்பலூருக்கு அந்நியமான சொல் இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் சி மொழிக்காக இந்தப் பெயரில் ஒரு சோதனைக் கருவியை எழுதினார். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு அது வெளியுலகுக்குப் போனது. கம்பைலரின் வேலை ப்ரோகிராமை விரைவாக இயங்கும் வடிவத்துக்கு மாற்றுவது. லிண்டின் வேலை அவசரப்படாமல் முழு ப்ரோகிராமையும் பார்த்துச் சந்தேகப்படும் இடங்களைச் சொல்வது. இரண்டையும் வேண்டுமென்றேதான் ஜான்சன் பிரித்து வைத்தார். அன்றைய கணினியின் வேகத்துக்கு அது சரியான முடிவு. ஆனால் அந்த நாளிலிருந்து குறை சொல்லும் கருவி ஓரிடத்திலும் குறையைத் திருத்தும் ஆள் வேறிடத்திலுமாக ஆனார்கள். பின்னால் வந்த எல்லா முயற்சியும் அந்தப் பிரிவை மறுபடி இணைக்கும் முயற்சிதான்.

இணைப்பு வேலையை முதலில் நன்றாகச் செய்தவை, நாம் இன்று ‘பழசு’ என்று ஒதுக்கும் டர்போ வகையறாக்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1983இல் வந்த டர்போ பாஸ்கலில் எடிட்டரும் கம்பைலரும் ஒரே நிரலுக்குள் இருந்தன. எரர் வந்தால் கர்சர் நேராக அந்த இடத்தில் போய் நிற்கும். பின்னால் வந்த டர்போ சியிலும் டர்போ சி++இலும் கீழே ஒரு செய்திப் பெட்டி உண்டு. ஆல்ட்டோடு எஃப்8ஐ அழுத்தினால் அடுத்த எரருக்கும் வார்னிங்குக்கும் தாவலாம், ஆல்ட்டோடு எஃப்7 முந்தையதற்கு. இத்தனை ஆண்டுகளில் இந்த இரண்டு பட்டன்களைப் பயன்படுத்திய மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்ட்ரோலோடு எஃப்9 மட்டும் எல்லோருக்கும் தெரியும், அது ஓட்டுவதற்கு. நடுவில் வரும் சின்னப் பெட்டியில் எத்தனை வார்னிங் என்று எண் இருக்கும். அவுட்புட் வந்துவிட்டால் அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை, ரெக்கார்டு நோட்டில் எழுதும் அவசரம்.

டர்போ சி++ஐ விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சி++ மொழிக்கு முதல் தரநிலை வந்ததே 1998இல், நம் லேபில் இருந்த டர்போ சி++ அதற்கும் முந்தியது. அதில் பழகியவர் எழுதும் ‘வாய்டு மெயின்’ இன்றைய ஜிசிசி கம்பைலரின் சி++இல் எரராகவே நிற்கும். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புப் பாடநூல் டெவ் சி++க்கு மாறியதும், பன்னிரண்டாம் வகுப்பு பைத்தானுக்கு மாறியதும் நல்ல முடிவுகள். ஆனால் அந்த மாற்றத்தில் கைதவறிப் போன ஒன்று இருக்கிறது.

சின்ன வெங்காயம் கொள்முதல் செய்யும் கணக்கு என்று வையுங்கள். தரம் 1 என்றால் ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை. நிபந்தனையில் == என்று இரண்டு சமக்குறி போட வேண்டும். மாணவர் ஒன்றை மட்டும் போட்டார். இப்போது அது ஒப்பிடுவது இல்லை, தரத்தை 1 ஆக மாற்றிவிடுகிறது. எந்த மூட்டை வந்தாலும் முதல் தர விலை. பழைய டர்போ சி++ இந்த இடத்தில் ‘ஒதுக்கீடு தவறாக இருக்கலாம்’ என்ற பொருளில் வார்னிங் கொடுக்கும். டெவ் சி++க்குள் இருக்கும் புதிய ஜிசிசியை எந்தத் தேர்வும் கொடுக்காமல் ஓட்டினால் அது வாயே திறக்காது. ‘வால்’ என்று சொல்லப்படும் தேர்வை, அதாவது வழக்கமான வார்னிங் எல்லாவற்றையும் காட்டு என்ற கட்டளையை, நாம்தான் எடிட்டரின் கம்பைலர் அமைப்பில் போய்ச் சேர்க்க வேண்டும். அறிவு கூடிய கம்பைலருக்கு மாறினோம், அதன் வாயைத் திறந்துவிட மறந்தோம். லேப் பொறுப்பாளர்கள் ஒரே நாளில் செய்துமுடிக்கக்கூடிய வேலை இது. வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்தால் போதும் என்பேன்.

பெரிய இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் பாதுகாப்புத் தொடர்பு நிரலில் ஒரு திருத்தம் வெளியிட்டது. ஒரு ‘கோ டு’ வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது, அதனால் அதன் கீழிருந்த சரிபார்ப்பு ஓடவே இல்லை. எட்டாத வரி இருக்கிறது என்று சொல்லும் வசதி கம்பைலரில் அப்போதே இருந்தது, வழக்கமான தேர்வில் அது சேரவில்லை. வரியின் உள்தள்ளல் ஒன்று சொல்ல நிரல் வேறு செய்கிறது என்று எச்சரிக்கும் வசதியை ஜிசிசி 2016இல் வந்த ஆறாம் பதிப்பில் சேர்த்தது.

யூனிக்ஸ் பக்கம் இணைப்பு வேறு வழியில் நடந்தது. விம், ஈமேக்ஸ் போன்ற எடிட்டர்கள் எந்த மொழியையும் அறிந்திருக்கவில்லை. அவை நம்பியது ஒரு சாதாரண வழக்கத்தை மட்டும்தான். கருவி எதுவானாலும் கோப்பின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, வரி எண், மறுபடி முக்காற்புள்ளி, பிறகு செய்தி என்று அச்சடித்தால் போதும். விம் அதைக் ‘குவிக்ஃபிக்ஸ்’ பட்டியலாகத் திரட்டி ஒவ்வொரு இடத்துக்கும் நம்மைக் கூட்டிப் போகும். ஈமேக்ஸிலும் கம்பைல் கட்டளை அதையே செய்யும். இந்த வழக்கத்தின் எளிமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஜீனி என்ற சின்ன எடிட்டர் இன்றும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. அதன் பில்டு மெனுவில் ஒரு வரியில் கட்டளையைக் கொடுத்தால் பைலிண்டோ, சி++க்கான சிபிபிசெக்கோ ஓடும், கீழே வரும் செய்தியைச் சொடுக்கினால் அந்த வரிக்குப் போகும். பழைய மெஷின்கள் இருக்கும் லேபுக்கு ஜீனியைவிடப் பொருத்தமான எடிட்டரைச் சொல்வது கடினம்.

அடுத்த தலைமுறை, கேட்காமலேயே சொல்வது. கோப்பைச் சேமித்தவுடன் அல்லது எழுத எழுத, தவறான இடத்தின் கீழ் நெளிகோடு. 2007இல் வந்த ஈமேக்ஸ் 22இல் ஃப்ளைமேக் இப்படிச் சேர்ந்தது, பிறகு ஃப்ளைசெக் வந்தது. விம்முக்கு சின்டாஸ்டிக், சப்லைமுக்கு சப்லைம்லிண்டர். சின்டாஸ்டிக்கைப் பயன்படுத்தியவர்களுக்கு அதன் குறையும் தெரியும். சேமிக்கும்போது லிண்டர், அதாவது லிண்ட் வகைக் கருவி, ஓடி முடியும்வரை எடிட்டர் உறைந்து நிற்கும். மெதுவான மெஷினில் பைலிண்டை இப்படிக் கட்டிவிட்டால் ஒவ்வொரு சேமிப்புக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 2016 செப்டம்பரில் வந்த விம் 8 பின்னணியில் வேலை ஓட்டும் வசதியைக் கொடுத்தது. அதே ஆண்டு வந்த ஏஎல்இ என்ற விம் நீட்சி அந்த வசதியின் மேல் எழுந்தது. எழுதுவது நிற்காமல் லிண்டர் பின்னால் ஓடும்.

இந்தத் தலைமுறையின் உண்மையான சிக்கல் வேறு. ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக இணைப்பு எழுத வேண்டியிருந்தது. ஐந்து எடிட்டர், நான்கு மொழி என்றால் இருபது இணைப்புகள். இருபதையும் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். லிண்டர் தன் அச்சு வடிவத்தைச் சற்று மாற்றினால்கூட இணைப்பு அறுந்துவிடும்.

2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து அறிவித்த எல்எஸ்பி என்னும் மொழிச் சேவையக நெறிமுறை இந்தக் கணக்கை மாற்றியது. மொழியை அறிந்த ஒரு சேவையகம் தனியாக ஓடும். எடிட்டர் திறந்த கோப்பையும் மாறும் எழுத்தையும் அதற்குச் சொல்லும். சேவையகம் எந்த வரி, எந்த நிரை, எவ்வளவு கடுமை, என்ன செய்தி என்று திருப்பி அனுப்பும். கோடு போடுவது எடிட்டரின் வேலை. இருபது இணைப்பு ஒன்பதாகக் குறைந்தது, எடிட்டர் பக்கம் ஐந்து, மொழிப் பக்கம் நான்கு. விஎஸ் கோடுக்காகப் பிறந்த இந்த நெறிமுறையை நியோவிம் 2021இல் வந்த 0.5 பதிப்பில் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டு மரபுள்ள விஐ குடும்பத்து எடிட்டரும் நேற்று வந்த எடிட்டரும் ஒரே சேவையகத்திடம் கேட்டு ஒரே கோட்டைப் போடுவது சாதாரண விஷயமில்லை.

கோடு விழும் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அழுத்தமான சான்று பெரிய நிறுவனங்களிடமிருந்து வந்திருக்கிறது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2019இல் எழுதிய கட்டுரையில் தங்கள் அனுபவத்தை ஒளிக்காமல் சொன்னார்கள். சோதனைக் கருவியை இரவில் ஓட்டிக் குறைகளின் பட்டியலைக் கொடுத்தபோது திருத்தப்பட்டவை கிட்டத்தட்டப் பூஜ்யம். அதே கருவி, அதே குறைகள், ஆனால் ஒருவர் தன் மாற்றத்தை மற்றவர் பார்வைக்கு அனுப்பும் நேரத்தில் காட்டியபோது 70 விழுக்காட்டுக்கு மேல் திருத்தப்பட்டன. கூகுள் 2018இல் எழுதியதும் அதே தடத்தில்தான் போகிறது. வேலை நடக்கும் இடத்துக்கு வெளியே தனிப் பலகையில் காட்டிய குறைகளை யாரும் போய்ப் பார்க்கவில்லை. 2013இல் பிரிட்டனி ஜான்சனும் உடனாளர்களும் 20 நிரலாளர்களைப் பேட்டி கண்டார்கள். இப்படிப்பட்ட கருவிகளை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்ற கேள்விக்கு இரண்டு காரணங்கள் முன்னால் நின்றன. பொய்க் குறைகள் அதிகம், சொல்லும் விதம் புரியவில்லை.

அரியலூர்க்காரருக்கு இதை விளக்கச் சிமென்ட் ஆலையே போதும். சிமென்ட்டின் 28 நாள் வலிமைச் சோதனைதான் கடைசித் தீர்ப்பு. ஆனால் அது வருவதற்குள் மூட்டை கடைக்குப் போய்க் கூரையும் போட்டுவிடுவார்கள். அதனால்தான் சுண்ணாம்புக்கல் கலவையையும் சூளையிலிருந்து வரும் கிளிங்கரையும் இடைவிடாமல் மாதிரி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். குறை தெரிந்தால் அந்த ஷிஃப்டிலேயே கலவையை மாற்றலாம். எக்ஸ்டர்னல் தேர்வாளர் வரும் நாளில் தெரியும் பிழை 28ஆம் நாள் தீர்ப்பு. எழுதும்போதே விழும் நெளிகோடு சூளைப் பக்கத்து மாதிரி.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் வரும் சிக்கல்கள் சில உண்டு. கருவிகளைப் பற்றிய ஆங்கில விளக்கங்களில் அவை கிடைக்காது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

‘பெரம்பலூர்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பெ, ர, ம், ப, லூ, ர் என்று ஆறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். யூனிகோடு கணக்கில் பத்து, ஏனென்றால் ஒற்றைக்கொம்பும் புள்ளியும் ஊகாரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால் 30 பைட். அரியலூருக்கு 5, 8, 24. எது நிரை எண் என்பதில் கருவிகள் ஒத்துப்போவதில்லை. பழைய ஜிசிசி பைட்டை எண்ணியது. பைத்தான் கருவிகளில் சில பைட்டையும் சில குறியீடுகளையும் எண்ணுகின்றன. எல்எஸ்பி நெறிமுறை வழக்கமாக யூடிஎஃப்-16 அலகை எண்ணச் சொல்கிறது, 2022இல் வந்த 3.17 பதிப்புதான் வேறு முறையைப் பேசி முடிவுசெய்ய இடம் கொடுத்தது. ஒரு வரியில் ‘பெரம்பலூர்’ என்ற சரம் இருந்து அதற்குப் பின்னால் பிழை இருந்தால், பைட் எண்ணும் கருவியும் குறியீடு எண்ணும் எடிட்டரும் சேரும் இடத்தில் கோடு இருபது கட்டம் தள்ளி விழும். மாணவர் சரியாக இருக்கும் இடத்தைப் பார்த்துத் திகைப்பார். தமிழ்ச் சரமுள்ள வரியில் கோடு ஏறுமாறாக விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தன் நிரலை இல்லை, இந்த எண்ணிக்கையை.

வரி நீளத்திலும் இதே கதை. பைத்தானின் நடை வழிகாட்டி 2001இல் எழுதப்பட்டது, வரிக்கு 79 என்று எல்லை வைத்தது. குறியீட்டை எண்ணும் ஃப்ளேக்8 என்ற பைத்தான் லிண்டர், கண்ணுக்கு ஐம்பது எழுத்தாகத் தெரியும் தமிழ் வரியையே எல்லை தாண்டிவிட்டது என்று சொல்லக்கூடும். ரஃப் என்ற இன்னொரு லிண்டர் திரையில் பிடிக்கும் அகலத்தை அளக்கப் பார்க்கிறது, அது சற்று நியாயம். தமிழ் அறிவிப்புகளைக் காட்டும் ப்ரோகிராம்களில் இந்த விதியைத் தளர்த்திவிடுவதே நல்லது.

தமிழ்ப் பெயர்களைக் கோப்பில் எழுதும்போது வரும் இன்னொரு அடி விண்டோஸில் மட்டும் விழும். எழுத்துக் குறியாக்க முறையைச் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் பைத்தான் விண்டோஸின் பழைய மேற்கத்திய முறையை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலப் பெயர் போகும், தமிழ்ப் பெயர் வந்தவுடன் ‘சார்மேப்’ என்று ஏதோ சொல்லி நின்றுவிடும். லினக்ஸில் எழுதிய ஆசிரியருக்கு அது வராது. கோப்பைத் திறக்கும் வரியில் குறியாக்க முறையைக் குறிப்பிடவில்லை என்று பைலிண்ட் எச்சரிக்கும் வசதி 2021இல் வந்தது. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு அது தொல்லை பிடித்த குறிப்பாகத் தெரியலாம். நமக்கு அது அவசியமான எச்சரிக்கை, அணைக்கவே கூடாது.

தமிழில் மாறிகளுக்குப் பெயர் வைக்கவும் பைத்தான் 3 இடம் கொடுக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ்தான், அதற்கென்று ‘எழுதி’ என்ற எடிட்டரும் உண்டு. தமிழ்ப் பெயர் வைப்பவருக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. ‘பௌர்ணமி’ என்பதை ஔகாரக் குறியோடு ஒருவர் அடிப்பார். இன்னொருவர் ஒற்றைக்கொம்பு போட்டு, ப போட்டு, ள போட்டு ‘பெளர்ணமி’ என்று அடிப்பார். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பைத்தானுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். கொ, கோ போன்றவற்றில் குறிகளைப் பிரித்து அடித்தாலும் சேர்த்து அடித்தாலும் பைத்தான் ஒன்றாக்கிக்கொள்ளும், ள கலந்தால் அதற்கு வழியில்லை. இங்கே கண்ணைவிட லிண்டர் நம்பகமானது. அறிவிக்காத பெயர் என்று பைஃப்ளேக்ஸ் என்ற லிண்டர் உடனே கோடு போடும். ஆங்கில எழுத்தில்லாத பெயர் என்பதற்கே பைலிண்ட் ஒரு குறை சொல்லும், அதை அணைத்துவிடலாம். தமிழில் எழுதும் உரிமையை ஒரு கருவியின் முன்னிருப்பு விதிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

உரைநடையிலும் நமக்கு இந்த வகைக் கருவிகள் உண்டு. நீச்சல்காரன் உருவாக்கிய நாவி சந்திப் பிழையையும் வாணி எழுத்துப் பிழையையும் காட்டுகின்றன. ஒற்று மிகுமா மிகாதா என்று தயங்கும் இடத்தில் நாவியைப் பார்த்த எவருக்கும் லிண்டர் என்ன செய்கிறது என்று தனியே விளக்க வேண்டாம்.

இனி எந்த எடிட்டரில் எதைக் கட்டுவது என்ற கேள்வி. என் அனுபவத்தில் அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, விதிகள் எங்கே வாழ்கின்றன என்பது. சில லேப்களில் மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பும்படி வைத்திருப்பார்கள். நேற்று ஒரு மாணவர் எடிட்டரில் அமைத்த எதுவும் இன்று இருக்காது. ப்ரோகிராம் பென் டிரைவில் வீட்டுக்கும் லேபுக்கும் போய்வரும். வீட்டில் ஒரு எடிட்டர், லேபில் வேறு, நண்பன் கணினியில் மூன்றாவது. விதிகளை எடிட்டரின் அமைப்புக்குள் வைத்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கோடு விழும். அதனால் விதி, ப்ரோகிராம் இருக்கும் அதே கோப்புறையில் ஒரு கோப்பாக இருக்க வேண்டும். பைலிண்டும் ரஃப்பும் பைபிராஜெக்ட் என்ற பொதுக் கோப்பிலிருந்து விதிகளைப் படிக்கும். ஃப்ளேக்8 அதைப் படிக்காது, தனக்கென்று தனிக்கோப்பு கேட்கும். இந்த ஒரே காரணத்துக்காகவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ஃப்ளேக்8ஐச் சொல்வதில்லை. தாவலா இடைவெளியா, எத்தனை இடைவெளி என்பதற்கு எடிட்டர்கான்ஃபிக் கோப்பு. நோட்பேடில் தாவல் போட்டு ஐடிலில் இடைவெளி போட்டுக் கலந்த பைத்தான் நிரல் ஓடாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இப்படி வைத்துவிட்டால் எடிட்டர் அவரவர் விருப்பம். விஎஸ் கோடில் பைலிண்ட் அல்லது ரஃப் நீட்சியைச் சேர்த்தால் அது கோப்புறையின் விதியை எடுத்துக்கொள்ளும். விம் விரும்புகிறவருக்கு ஏஎல்இ, நியோவிம் என்றால் உள்ளேயே இருக்கும் எல்எஸ்பி. பைசார்ம் வலுவான கருவிதான், ஆனால் அது தன் சொந்தச் சோதனைகளையே முன்னால் வைக்கும், நம் கோப்பின் விதியைத் தானாகப் படிக்காது. அதைப் பயன்படுத்துகிறவர் பைலிண்டையும் தனியாக ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதன்முதலாகக் கற்கும் பள்ளிப் பிள்ளைக்கு நான் தேர்வது எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் பிறந்த தானி. பைத்தானையும் அது சேர்த்தே நிறுவிவிடும், பைலிண்டை உள்ளே வைத்து ‘உதவியாளர்’ என்ற பக்கப் பலகையில் குறைகளை எளிய சொல்லில் சொல்லும். ஐடிலுக்குப் பழகிய பிள்ளை அரைமணியில் தானிக்குப் பழகிவிடும்.

சி++ பக்கம் கோட்பிளாக்ஸில் வார்னிங் தேர்வுகளை வெறும் டிக் போட்டுச் சேர்க்கலாம், சிபிபிசெக் இணைப்பும் உண்டு. வலைப்பக்கம் எழுதுவோருக்கு இஎஸ்லிண்ட். டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேஎஸ்லிண்ட் 2002இல் ஒருவரின் கண்டிப்பான ரசனையை எல்லோர் மேலும் சுமத்தியது, 2011இல் ஜேஎஸ்ஹிண்ட் விதிகளைத் தளர்த்த இடம் கொடுத்தது, 2013இல் நிக்கோலஸ் ஸாக்கஸ் தொடங்கிய இஎஸ்லிண்டில் ஒவ்வொரு விதியையும் அணைக்கலாம், எச்சரிக்கையாக வைக்கலாம், எரராக்கலாம், புதிதாகவே எழுதலாம். குறை சொல்வதில் அதிகாரம் கருவியிடமிருந்து பயன்படுத்துகிறவரிடம் வந்து சேர்ந்த வரலாறு அது.

இணையம் மெதுவாக இருக்கும் லேபுக்கு ஒரு வழி. விஎஸ் கோட் நீட்சியைக் கோப்பாகவே பதிவிறக்கி நிறுவலாம், பைத்தான் தொகுப்புகளையும் ஒரு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் எடுத்துப் போய் மற்றவற்றில் ஏற்றலாம். நாற்பது மெஷினும் தனித்தனியாக இழுக்க வேண்டியதில்லை. நினைவகம் குறைந்த மெஷினில் விஎஸ் கோடைத் திணிக்காதீர்கள். அங்கே ஜீனியும் தானியும் போதும், பைலிண்டை விட ரஃப் மிக வேகம்.

எல்லா விதியையும் முதல் நாளே திறந்துவிடுவதுதான் நான் பார்த்த பெரிய தவறு, செய்த தவறும்கூட. பைலிண்ட் கடைசியில் பத்துக்கு மதிப்பெண் போடும். விளக்கவுரை இல்லை, பெயர் நடைக்கு ஒவ்வவில்லை, கடைசி வரியின் முடிவில் புதுவரிக் குறி இல்லை என்று பன்னிரண்டு வரி ப்ரோகிராமுக்குப் பதினைந்து குறை வரும். பழைய பதிப்புகளில் மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போனது. ப்ரோகிராம் சரியாக ஓடிய மகிழ்ச்சியில் இருந்த பிள்ளையின் முகம் அந்த இடத்தில் வாடியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டோம். முதல் மாதம் எரர் வகை மட்டும். பிறகு வார்னிங் வகை. நடையும் அமைப்பும் பற்றிய குறிப்புகள் கல்லூரிக்குப் போன பிறகு போதும்.

இப்போது நிரலைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி ஒட்டுகிறார்கள். தடுக்க முடியாது. தான் எழுதாத வரியைப் படிக்கும் பொறுமை எவருக்கும் குறைவு, அந்த வரிக்குத்தான் லிண்டரின் தேவை கூடுகிறது.

மொழி இன்னும் ஒரு தடை. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு நெளிகோடு புரிகிறது, அதன் மேல் சுட்டியை வைத்தால் வரும் ஆங்கில வாக்கியம் புரிவதில்லை. அதனால் அடிக்கடி வரும் செய்திகளைப் பிள்ளைகளையே தமிழில் எழுதச் சொல்லி லேப் சுவரில் ஒட்டினோம். அறிவிக்காத பெயர், பயன்படாத மாறி, எட்டாத வரி என்று பட்டியல் வளர்ந்தது. சிஎஸ்வி கோப்பு காலியாக வந்த அந்த மாணவியின் பங்கு, பயனில்லாத வரிக்கு வரும் செய்தி. அகராதியெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் அவள் எழுதி ஒட்டியது: “இந்த வரி சும்மா நிக்குது. அடைப்புக்குறி போட்டியா?”